பாண்டியில் ஒரு நாள், இரண்டு கண்காட்சி: குழுவாகப் போகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

கடலூரிலிருந்து பாண்டிக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், குழுவாகக் கிளம்புகிறவர்கள் மணக்குள விநாயகர், பீச் ரோடு, ஞாயிற்றுக்கிழமையானால் சண்டே மார்க்கெட் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுவதுதான் வழக்கம். ஓவியமும் சிற்பமும் பழம்பொருளும் பார்ப்பதற்கென்றே ஒரு நாளை எடுத்துவைத்துப் போகிறவர்கள் குறைவு. மஞ்சக்குப்பத்தில் எங்கள் நூலக நண்பர்கள் குழு இந்த முறை அப்படிப் போவதென்று முடிவு செய்தது. எங்கே போவது என்பதில்தான் ஆளுக்கு ஒரு பேச்சு.

குழு என்றால் இருபது பேர் பக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், நகைப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பத்தர், மூட்டுவலியோடு வரும் இரண்டு அம்மாக்கள், கூடவே ஓடியாடும் சின்னப் பிள்ளைகள். இப்படிக் கலந்த கூட்டத்துக்கு ஏற்பாடு செய்வது, நாலு ஓவிய மாணவர்களைக் கூட்டிப் போவதைப் போல சுலபமில்லை. ஒருவர் ஒரு படத்தின் முன்னால் அரைமணி நேரம் நிற்பார். இன்னொருவர் அதே அரைமணியில் மொத்தக் கூடத்தையும் முடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து ‘அப்புறம் எங்கே?’ என்பார். இரண்டு பேருக்கும் அந்த நாள் உருப்படியாக அமைய வேண்டும்.

பேசிப் பேசி ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனோம். இரண்டு கண்காட்சி பார்க்கலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவையாக இருக்கட்டும். ஒன்றே ஒன்று என்றால் பதினொன்றரை மணிக்கே முடிந்துவிடும், மிச்ச நாள் கடைவீதியில் கரைந்துபோகும். மூன்று என்றால் மூன்றாவதைப் பார்க்கக் கண்ணும் இருக்காது, காலும் இருக்காது. ஒரே மாதிரியான இரண்டைப் பார்த்தால் வீடு திரும்பும்போது எது எங்கே இருந்தது என்பதே குழம்பிவிடும். மாறுபட்ட இரண்டைப் பார்த்தால் பேச்சு தானாக வரும். ‘காலையில் பார்த்ததுதான் உசத்தி’ என்று ஒருவர் சொல்ல, ‘அதெப்படி?’ என்று இன்னொருவர் கேட்க, பஸ்ஸில் வாக்குவாதம் நடந்தால் அந்த நாள் நல்லபடியாகப் போனது என்று அர்த்தம்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. இன்றைய ஓவியங்களுக்கு முன்னால் போய் நிற்கும்போது நம்மில் பலருக்கு முதலில் வருகிற கேள்வி ‘இது என்ன?’ என்பதுதான். பதில் கிடைக்காவிட்டால் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். பத்துப் படம் அப்படி நகர்ந்ததும், ‘நமக்கு இதெல்லாம் புரியாதுப்பா’ என்ற முடிவு வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியை ‘இதை எப்படிச் செய்திருக்கிறார்கள்?’ என்று மாற்றிவிட்டால் நிலைமை வேறு. அதைக் கேட்க கலை வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. கையால் ஏதாவது ஒரு வேலை செய்து பழகிய யாராலும் கேட்க முடியும். அதனால் முதல் கண்காட்சி இரண்டாவதற்கு நம் கண்ணைத் தயார் செய்ய வேண்டும். எந்த இரண்டை எந்த வரிசையில் பார்ப்பது என்பதை நான் இந்த ஒன்றை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

எங்கள் முன்னால் இருந்தவை நாலு யோசனைகள். நாலு இடங்களுக்கும் வெவ்வேறு சமயங்களில் போயிருக்கிறேன் என்பதால் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

அருங்காட்சியகமும் ஓவியக்கூடமும்

முதல் யோசனை, காலையில் புதுச்சேரி அரசு அருங்காட்சியகம், மதியத்துக்கு மேல் நடக்கும் தூரத்தில் உள்ள ஓவியக்கூடம் ஒன்று. அருங்காட்சியகம் சேன் லூயி வீதியில், பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் பழைய பிரெஞ்சு பாணிக் கட்டடத்தில் இருக்கிறது. பாண்டிக்குப் பலமுறை வந்து, ஆயி மண்டபத்தின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டவர்கள்கூட இதற்குள் நுழைந்திருக்க மாட்டார்கள். கட்டணம் சொற்பம். திங்கட்கிழமை விடுமுறை.

உள்ளே நம்மைப் பிடித்து நிறுத்துவது அரிக்கமேட்டுப் பொருள்கள். கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகும் வழியில், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் இருக்கிற அதே அரிக்கமேடுதான். 1945-இல் பிரிட்டிஷ் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் அங்கே தோண்டினார். அவருக்குப் பிறகு 1940-களின் கடைசியில் பிரெஞ்சு அறிஞர் கசாலும், 1989-இலிருந்து 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழுவும் தோண்டினார்கள். ரோமாபுரியோடு நடந்த வாணிபத்துக்குச் சான்றாக உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இடம்பெற்ற ஊர் அது. வாரத்துக்கு ஒருமுறை அதைத் தாண்டிப் பஸ்ஸில் போகிறவர்கள் நாம். அந்த ஊரின் மண்ணிலிருந்து வந்த ஓட்டுச் சில்லுகளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது, கடலூர்க்காரர்களுக்கு வெளியூர்க்காரர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

பார்வைக்கு அவை வெறும் உடைந்த சட்டித் துண்டுகள்தான். வேகமாகக் கடந்துபோனால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. குழுவை நிறுத்தி வைத்து மூன்று வகையை மட்டும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது, இரண்டு கைப்பிடி வைத்த ஆம்போரா ஜாடிகளின் துண்டுகள். திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் கப்பலில் வந்தது இந்த மாதிரி ஜாடிகளில்தான். இரண்டாவது, இத்தாலியின் அரெஸ்ஸோ பகுதியின் பெயரால் அழைக்கப்படும் பளபளப்பான சிவப்புப் பாண்டம். மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாம்பலும் கறுப்புமான மெல்லிய தட்டு. அதன் உட்புற அடியில் சின்னச் சின்னக் கீறல்கள் வட்டம் வட்டமாக ஓடும். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஏதோ ஒரு கருவியைத் தொட்டும் தொடாமலும் பிடித்து அந்தக் கீறல்களைப் போட்டிருக்கிறார்கள். இது மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்தது என்று வீலர் நினைத்தார். மண்ணைப் பரிசோதித்த பிற்கால ஆய்வுகள் இது இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்ற முடிவுக்கு வந்தன. பார்க்க அந்நியமாக இருந்த தட்டு நம்மூர்க் குயவர் கை வேலையாக மாறிய கதை இது. பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், மறுபடி ஒருமுறை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பார்கள்.

அடுத்தது மணிகள். அரிக்கமேடு மணி செய்வதில் பெயர்பெற்ற இடம். கண்ணாடி மணி, சூதுபவளம், அகேட் என்று கல் மணி, எல்லாம் அங்கே கிடைத்திருக்கின்றன. முன்பு ஒருமுறை எங்கள் பத்தரோடு போனபோது அவர் கடுகளவு கண்ணாடி மணிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ‘இவ்வளவு சின்னதுல எப்படிண்ணே ஓட்டை போட்டிருப்பாங்க?’ என்று கேட்டேன். ‘ஓட்டை போடல தம்பி. ஓட்டையோடதான் பொறந்திருக்கு’ என்றார். அவர் சொன்னது சரி. உருகிய கண்ணாடியை உள்ளே துளை இருக்கும்படி நீளக் குழலாக இழுத்து, அந்தக் குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுங்கச் செய்வது அந்தக்கால முறை. பக்கத்தில் இருந்த கல் மணிகளைக் காட்டி, ‘இது வேற. இது துளைச்சது. நல்லா இருக்கற கல்லு கடைசி நேரத்துல விண்டுபோகும், மனசு பதறும்’ என்றார். எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் சொன்னதில்லை. ஆயுசு முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்த கண் அது. குழுவில் இப்படி ஒருவர் இருந்தால் வழிகாட்டி வேண்டியதில்லை. தையல் தெரிந்தவர், தச்சு வேலை தெரிந்தவர், கோலம் போடுகிறவர் யாராக இருந்தாலும் இங்கே சொல்ல ஏதாவது இருக்கும்.

செப்புத் திருமேனிகளை அவசரப்படாமல் பாருங்கள். கோயிலில் அலங்காரத்தோடு பார்த்துப் பழகிய நமக்கு, பட்டும் மாலையும் இல்லாமல் உலோகத்தை மட்டும் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். மெழுகில் உரு செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில் செய்தவை. ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். விரல் நுனியும் இடுப்பு மடிப்பும் முதலில் மெழுகில் பிறந்தவை என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் குழைவு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். பிரெஞ்சுக்கால மேசை நாற்காலிகள், 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்த டூப்ளேயின் கட்டில், பின்னாலிருந்து ஆள் தள்ளிக்கொண்டு போகும் பூஸ்பூஸ் வண்டி எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அந்த வண்டிதான் பிடிக்கும். எனக்கு அந்தப் பகுதியில் அவ்வளவாக மனம் ஒட்டுவதில்லை, சீக்கிரம் கடந்துவிடுவேன்.

மதியத்துக்கு மேல் ஓவியக்கூடம். எங்கே போவது என்பது அந்தச் சமயத்தில் எங்கே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. துய்மா வீதியில், பிரெஞ்சு மொழியும் பண்பாடும் பரப்பும் அலியான்ஸ் பிரான்சேஸ் அமைப்பு நடத்தும் மேசோன் கொலொம்பானி இருக்கிறது. அலியான்ஸ் பிரான்சேஸ் பாண்டியில் 1889-இலேயே தொடங்கப்பட்டது. அந்தக் கூடத்தில் ஓவியம், புகைப்படம் என்று கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். குருசுக்குப்பம் பக்கம் பிரான்சுவா மர்த்தேன் வீதியில் அரோதன் ஓவியக்கூடம் இருக்கிறது. அங்கே இந்திய ஓவியர்களின் இன்றைய படைப்புகளைப் பார்க்கலாம். இரண்டுமே வெளிச்சமும் காற்றும் உள்ள பழைய பாணி வீடுகளில் நடப்பவை. படங்களுக்கு நடுவில் இடம் விட்டு மாட்டியிருப்பார்கள். காலையில் நெருக்கமாக அடுக்கிய கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளைச் சுவர், அதில் ஒரே ஒரு படம் என்று பார்ப்பதே பெரிய மாற்றமாக இருக்கும்.

எங்கள் பத்தரை அன்றைக்கு அப்படி ஓர் ஓவியக்கூடத்துக்கும் கூட்டிப் போனேன். உருவமே இல்லாத, நிறம் மட்டுமே உள்ள பெரிய திரை ஒன்று. கூட வந்த நண்பர் ஒருவர் வழக்கம்போல ‘இது என்னங்க?’ என்றார். பத்தர் பதில் சொல்லாமல் பக்கவாட்டில் போய், தலையைச் சாய்த்து, வெளிச்சம் படும் கோணத்தில் பார்த்தார். ‘அடியில மஞ்ச பூசி நல்லா காயவிட்டிருக்காங்க. அதுக்கு மேல நீலம். அப்புறம் நீலத்தைச் சுரண்டியிருக்காங்க. இங்க பாருங்க, சுரண்டின எடத்துல மஞ்ச எட்டிப் பாக்குது’ என்றார். அதற்கப்புறம் அந்தப் படத்தின் முன்னால் எல்லோரும் நின்றார்கள். எந்த இடத்தில் அழுத்திச் சுரண்டியிருக்கிறார், எங்கே கையைத் தளர்த்தியிருக்கிறார் என்று பேச்சு போனது. ‘என்ன’ என்ற கேள்வி அவ்வளவு முக்கியமாக அப்போது யாருக்கும் படவில்லை. காலையில் சட்டித் துண்டைப் பார்த்த கண்ணோடு மாலையில் ஓவியத்தைப் பார்த்தால் இது நடக்கும். முதல் யோசனையை நான் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. ஓவியக்கூடத்தில் நாம் போகும் நாளில் என்ன இருக்கும் என்பது நம் கையில் இல்லை. ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது மாட்டும் இடைவெளியில் போனால் பூட்டிய கதவுதான். பிடிக்காத கண்காட்சியாகவும் அமையலாம். அருங்காட்சியகம் அப்படியில்லை, எப்போது போனாலும் அரிக்கமேடு அங்கே இருக்கும். நாளின் பாதி உறுதி, பாதி அந்தந்த நேரத்து யோகம். குழுவாகப் போகும்போது பாதி உறுதியாக இருந்தாலே போதும் என்பது என் எண்ணம்.

ஆரோவில்

கல்லூரிப் பிள்ளைகள் கேட்டது ஆரோவில். பாண்டியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் வருகிறது. 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கிய ஊர். அங்கேயும் மாறுபட்ட இரண்டு கண்காட்சிகளுக்கு வழி இருக்கிறது. ஒன்று சாவித்ரி பவன். அரவிந்தர் கிட்டத்தட்ட 24,000 வரிகளில் எழுதிய ‘சாவித்ரி’ காவியத்துக்கு, ஆசிரமத்து அன்னையின் வழிகாட்டலில் ஹூத்தா என்ற ஓவியர் 1960-களில் வரைந்த ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. மற்றொன்று சிட்டடைன்ஸ் கட்டடத்தில் உள்ள கலை மையம், அல்லது பாரத் நிவாஸ் கலா கேந்திரம். அங்கே ஆரோவில்வாசிகள், வெளியிலிருந்து வரும் கலைஞர்கள் என்று இன்றைய படைப்புகள் இருக்கும்.

தியான நிலையில் வரையப்பட்ட படங்கள் ஒருபுறம், உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவர்களின் சோதனை முயற்சிகள் மறுபுறம். நல்ல ஜோடிதான். நாலைந்து பேராகப் போனால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். இருபது பேருக்கு ஒத்துவராது. சாவித்ரி பவனின் அமைதியே அங்கே பாதிக் கண்காட்சி. பிள்ளைகளோடு ஒரு கூட்டமாக உள்ளே போய், பேசாதே, ஓடாதே என்று சைகை காட்டிக்கொண்டே சுற்றினால் நமக்கும் நிம்மதி இருக்காது, அங்கே இருப்பவர்களுக்கும் இருக்காது. படம் பார்த்ததும் பேச வேண்டும் என்று வருகிற குழுவுக்கு வாயை மூடிக்கொண்டு பார்க்கும் இடம் சரிப்படாது.

தூரமும் இன்னொரு சிக்கல். ஆரோவில்லுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக வண்டி வேண்டும். போதாததற்கு, அங்கே போய்விட்டு, நடுவில் இருக்கும் தியான மண்டபமான மாத்ரிமந்திரைப் பார்க்காமல் வர யாரும் சம்மதிக்க மாட்டார்கள். பார்வையாளர் மையத்திலிருந்து அதைப் பார்க்கும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் பக்கம் செம்மண் பாதையில் நடை. உள்ளே போக வேண்டுமானால் முன்பதிவு வேண்டும். மூட்டுவலி அம்மாக்களை நினைத்தால் இந்த யோசனைக்கு என்னால் கை தூக்க முடியவில்லை. பிள்ளைகள் தனியாக ஒரு நாள் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் வரட்டும், அவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

கவிஞர்கள் வாழ்ந்த வீடுகள்

தமிழாசிரியர்கள் ஒரே குரலில் கேட்டது பாரதியார், பாரதிதாசன் நினைவில்லங்கள். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் ஒன்று, பெருமாள் கோயில் வீதியில் மற்றொன்று. இரண்டும் தமிழர் வாழ்ந்த பழைய தெருக்களில், நடந்து போகும் தூரத்தில். பாரதி 1908-இல் வந்து 1918 வரை பத்தாண்டுகள் பாண்டியில் இருந்தார். இங்கே ஆசிரியர் வேலை பார்த்த கனக சுப்புரத்தினம் அவரைக் கண்டு, பாரதிதாசன் ஆனது இந்த ஊரில்தான். ஒருவர் தேடி வந்து தங்கிப் போனவர், மற்றவர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். இதிலும் மாறுபாடு இருக்கிறது என்றுதான் ஆசிரியர்கள் வாதாடினார்கள்.

அந்த வீடுகளின் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்குக் குறைவில்லை. முற்றத்தில் நின்று மேலே வானத்தைப் பார்த்தால் மனம் என்னவோ செய்யும். ஆனாலும் அங்கே பார்ப்பவை பெரும்பாலும் புகைப்படங்கள், கையெழுத்துகள், நூல்கள், இதழ்கள். வாசிக்க வேண்டியவை. இருபது பேர் ஒரு கடிதத்தைச் சுற்றி நின்றால் முன்வரிசையில் இருக்கும் நாலு பேர்தான் படிப்பார்கள். கவிதையில் ஊறியவர்களுக்குப் புல்லரிக்கும். பள்ளியோடு பாரதியை விட்டுவிட்டவர்கள் பத்து நிமிடத்தில் வெளியே வந்து நிழல் தேடுவார்கள். அதோடு, இந்த இரண்டு வீடுகளுக்கும் நாம் போவது வணங்க. வணங்கப் போகும் இடத்தில் ‘இது நல்லா இருக்கு, அது நல்லா இல்லை’ என்ற பேச்சு வராது, வரவும் கூடாது.

அதனால் இதைத் தனி நாளாக வைக்கலாம் என்று தோன்றுகிறது. செப்டம்பரில் பாரதி நினைவு நாளையொட்டியோ, ஏப்ரல் 29 பாரதிதாசன் பிறந்தநாளையொட்டியோ, கவிதைகளை வாசித்துக்கொண்டு போனால் அதற்குரிய மதிப்பு கிடைக்கும். எந்த வீட்டில் எந்தக் கவிதையைப் படிப்பது என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிட்டால் ஆசிரியர்களே அந்த நாளைச் சிறப்பாக நடத்துவார்கள்.

முருங்கப்பாக்கமும் அரியாங்குப்பமும்

நாலாவது யோசனை எங்கள் அம்மாக்களில் ஒருவர் சொன்னது. ‘ஏன் டவுனுக்குள்ள போயி வெயில்ல சுத்தணும்? வழியிலேயே இருக்கே’ என்றார். அவர் சொன்னது முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமத்தை. கடலூர் சாலையிலேயே, பாண்டிக்குள் நுழையும் முன்பே வந்துவிடுகிறது. சுடுமண் சிற்பத்துக்காக 2020-இல் பத்மஸ்ரீ பெற்ற வி.கே. முனுசாமியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம் அது. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம். ஓவியமும் சிற்பமும் இசையும் நடனமும் சொல்லித்தரும் அரசுக் கல்லூரி. மாணவர்களின் கண்காட்சி நடக்கும் நாள்களில் போனால், பரம்பரையாகக் கையில் வந்த வேலை ஓரிடம், வகுப்பறையில் கற்றுத் தன் போக்கில் உடைத்துப் பார்க்கும் வேலை இன்னோரிடம் என்று அருமையான ஜோடி கிடைக்கும்.

கைவினைக் கிராமத்தின் பெரிய பலம், செய்வதையே பார்க்கலாம் என்பது. சுடுமண் குதிரை உள்ளே வெற்றிடமாகத்தான் இருக்க வேண்டும், முழுக்க மண்ணாக இருந்தால் சூளையில் வெடித்துவிடும். காலைத் தனியாக, உடலைத் தனியாகச் செய்து, ஈரம் பதமாக இருக்கும்போது ஒட்டுவார்கள். நிழலில்தான் காய வைக்க வேண்டும், வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கிக் கீறல் விடும். ‘எப்படிச் செய்கிறார்கள்?’ என்ற கேள்விக்கு இங்கே செய்கிறவரே பதில் சொல்வார். மண்ணை உருட்டிப் பார்க்கக் கை நீட்டும் பிள்ளைகளை யாரும் விரட்டுவதில்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடி தடுக்கும் இடத்தில் இங்கே விரல் போகிறது.

சின்னப் பிள்ளைகள் அதிகம் உள்ள குழுவாக இருந்தால் முதல் யோசனையைவிட இதுவே மேல் என்று சொல்லத் தயங்கமாட்டேன். எங்களுக்கு இதை விட்டதற்குக் காரணம் கல்லூரியின் கண்காட்சி எல்லா நாளும் நடப்பதில்லை என்பது மட்டும்தான். அது இல்லாத நாளில் போனால் ஜோடியில் பாதி போய்விடும். இடத்தை நிரப்ப அரிக்கமேட்டுக்கே போகலாமே என்று ஒருவர் கேட்டார். போகலாம், ஆற்றங்கரை அழகு. அங்கே கண்ணுக்குத் தெரிகிற செங்கல் சுவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார் இல்லத்தின் மிச்சம். ரோமானியக் காலத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு மண்மேடும் மாமரமும்தான். கிடைத்தவை எல்லாம் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன.

இன்னும் இரண்டு பேச்சு வந்தது. சேன் லூயி வீதியிலேயே 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதன் சைவ ஓலைச்சுவடித் தொகுப்பு 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அது ஆய்வாளர்கள் வேலை செய்யும் இடம், நினைத்தபோது கூட்டமாக நுழைவதற்கில்லை. அங்கே பொதுமக்களுக்கென்று கண்காட்சி அறிவித்தால் கட்டாயம் போங்கள். இன்னொருவர் ‘கடலூரிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கே’ என்று நினைவூட்டினார். இருக்கிறது, அதற்கு ஒரு சாயங்காலம் போதும், தனியாகப் போய்க்கொள்ளலாம்.

எங்கள் முடிவும் அதற்கான ஏற்பாடும்

அருங்காட்சியகமும் துய்மா வீதி ஓவியக்கூடமும் என்று முடிவாகியிருக்கிறது. வரிசையை மாற்றாதீர்கள். காலையில் ஓவியக்கூடம் போய்விட்டு மதியம் அருங்காட்சியகம் என்றால், சாப்பிட்ட களைப்பில் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் யாருக்கும் பொறுமை இருக்காது. சட்டித் துண்டுக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும், அதைக் காலையில் கொடுத்துவிட வேண்டும். அதோடு, சிறிய ஓவியக்கூடங்கள் காலையில் தாமதமாகத் திறப்பதும் உண்டு.

உள்ளே போனதும் இருபது பேரும் ஒட்டிக்கொண்டே போக வேண்டாம். மூன்று நாலு பேராகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவிலும் கைவேலை தெரிந்த ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அது எப்படிச் செய்யப்பட்டிருக்கும் என்று ஊகித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பேசலாம். படம் எடுக்கலாமா என்று வாசலில் கேட்டுக்கொள்வது நல்லது.

மதியச் சாப்பாட்டுக்கு, கடலோரப் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் இருபது பேர் உட்கார்ந்தால் பில் கண்ணைக் கட்டும். நேரு வீதி, மிஷன் வீதிப் பக்கம் போய்விடுங்கள். பெரியவர்களுக்கு ஆட்டோ, மற்றவர்களுக்கு நடை. நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் காபி குடித்துக்கொண்டு காலையில் பார்த்ததைப் பேச ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் குறைக்க வேண்டாம். இரண்டு கண்காட்சிக்கும் நடுவில் வருகிற இந்தப் பேச்சில்தான் ஒன்று இன்னொன்றோடு சேர்கிறது.

கிழமையைப் பொறுத்தவரை சனிக்கிழமை எங்களுக்கு வசதி. திங்கள் கூடவே கூடாது. ஞாயிறு என்றால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், நெரிசலில் பாதிப் பேர் துணிக்கடையில் நின்றுவிடுவார்கள். பஸ்ஸா வேனா என்றால், கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ் அடிக்கடி இருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். வேன் எடுப்பதானால் புதுச்சேரிக்குள் நுழையும் பர்மிட் பற்றி ஓட்டுநரிடம் முன்பே பேசிவிடுங்கள், பிறகு பார்டரில் நிற்க வேண்டாம். ஓவியக்கூடத்துக்கு மட்டும் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை, முந்தின நாள் ஒருமுறை போன் போட்டு, கண்காட்சி நடக்கிறதா, எத்தனை மணி வரை, இருபது பேர் ஒன்றாக வரலாமா என்று கேளுங்கள். முடிந்தால் ஓவியர் அங்கே இருக்கும் நேரம் எது என்றும் கேட்டு வையுங்கள். கண்காட்சி தொடங்கிய முதல் நாள்களில் அவர்கள் கூடத்திலேயே இருப்பதுண்டு. எங்கள் பத்தருக்கு அவரிடம் கேட்க ஒரு பட்டியலே இருக்கிறது.